அந்த ஆறு எண்கள்

என் அம்மாவுக்கு வயது 74. அங் மோ கியோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா இருந்தவரை வீட்டுக் கணக்கு முழுவதும் அவர் பொறுப்பு. தண்ணீர், மின்சாரக் கட்டணம், நகர மன்றக் கட்டணம், காப்புறுதி எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் ரசீதுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். டப்பா என் கைக்கு வந்தது.

வந்தது என்று சொல்வதைவிட, நான் எடுத்துக்கொண்டேன் என்பதே சரி. நான் இருப்பது பொங்கோலில். அலுவலகம், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், இதற்கு நடுவில் அம்மாவுக்கு இணைய வங்கிச் சேவையைக் கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே செய்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மாவின் வங்கி அட்டை விவரங்களை என் கைப்பேசியில் சேமித்துக்கொண்டேன். மதிய உணவு இடைவேளையில் அவருக்கு வேண்டிய மளிகைப் பொருள், மருந்து, எண்ணெய் எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

ஒரே ஒரு சிக்கல். பணம் செலுத்தும்போது ஓடிபி எனப்படும் ஒருமுறை கடவு எண் அம்மாவின் கைப்பேசிக்குத்தான் போகும். அதனால் உடனே அழைப்பேன்.

"மா, ஒரு நம்பர் வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்க."

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசிப்பார். நாலு, ஏழு, சைபர்... ஆறு எண்கள் முடிந்ததும், "சரிம்மா, வெச்சிடறேன்" என்பேன். நான்கு ஆண்டுகள் இப்படித்தான் ஓடின. பொறுப்பான மகள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆங்கிலமும் தமிழும் கலந்து, மிக மரியாதையாகப் பேசிய ஓர் ஆடவர். பொருள் விநியோக நிறுவனம் ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னார். போன வாரம் வந்த பொருளுக்கு இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம், திருப்பித் தர வேண்டும், எந்த அட்டைக்கு அனுப்பட்டும் என்று கேட்டார். அம்மா அட்டையை எடுத்து எண்களைப் படித்தார். பிறகு அந்த ஆடவர் சொன்னார்: "ஒரு நம்பர் வரும்மா, அதை மட்டும் சொல்லுங்க."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாசித்தார். முதல் எண் சரியாகப் பதிவாகவில்லை என்று அவர் சொன்னதும், இரண்டாவதாக வந்ததையும் வாசித்தார். இரண்டு பரிவர்த்தனைகளில் 1,860 வெள்ளி போனது.

எனக்கு இது தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. மாதக் கணக்கு அறிக்கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மாவுக்கோ அன்று மாலையே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய், அலுவலகத்தில் கீழே வேலை செய்பவரிடம்கூட எடுக்காத குரலில் கேட்டேன்: "யார் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீயும் அப்படித்தானேம்மா கேப்பே."

என்னிடம் பதில் இல்லை. தொலைபேசியில் ஒரு குரல் கேட்டால் ஆறு எண்களை வாசிக்க வேண்டும் என்று அம்மாவை நான்கு ஆண்டுகள் பழக்கியது நான்தான். பழக்கியவள் ஒருத்தி, பயன்படுத்திக்கொண்டவன் வேறொருவன்.

எண்களை அம்மாவே சொன்னதால் பணம் திரும்பவில்லை. தொகை பெரிதல்ல என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மாவுக்கு அது பல மாதச் சந்தைச் செலவு. அதைவிட, அதற்குப் பிறகு சில வாரங்கள் அம்மா தொலைபேசி மணி அடித்தாலே திடுக்கிட்டார். தேக்காவுக்குத் தனியாகப் போவதைக்கூட நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த இழப்புதான் பெரிதாகத் தெரிந்தது.

வயதானவர்கள் மட்டுமா ஏமாறுகிறார்கள்?

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மோசடிகளால் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. காவல்துறையின் ஆண்டறிக்கையைப் படித்தபோது இரண்டு விவரங்கள் என்னை நிறுத்தின.

ஒன்று, ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் குறைந்தவர்கள். 65 வயதுக்கு மேற்பட்டோர் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் சராசரியாக ஒருவர் இழக்கும் தொகை அவர்களிடம்தான் மிக அதிகம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. வாழ்நாள் சேமிப்பு அவர்களிடம் இருக்கிறது. இழந்தால் மறுபடி சம்பாதிக்க ஆண்டுகள் இல்லை.

இரண்டு, பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட சம்பவங்களில் பணத்தை அனுப்பியவர் பாதிக்கப்பட்டவரேதான். யாரும் கணினிக்குள் ஊடுருவவில்லை. பயமுறுத்தியோ, ஆசை காட்டியோ, அன்பாகப் பேசியோ, அவர் கையாலேயே அனுப்ப வைத்திருக்கிறார்கள். அப்படியானால் கடவுச்சொல் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் அவர் தனியாக இருக்கிறாரா, அவசரப்படுத்தப்படுகிறாரா என்பதுதான் கேள்வி.

அம்மா காலத்து வங்கியை நினைத்துப் பாருங்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி, எண் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் தெரிந்த பெண் "என்ன இந்தப் பக்கம்?" என்பார். முகப்பில் இருக்கும் ஊழியர், "இவ்வளவு பணம் எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்பார். அந்த வரிசையை நாம் அலுத்துக்கொண்டோம். உண்மையில் அது ஒரு பூட்டாகவும் இருந்தது. 2017ல் பேநவ் வந்த பிறகு பணம் சில நொடிகளில் போய்ச் சேர்கிறது. வசதிதான். ஆனால் நடுவில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

அந்த வரிசையை வேறு வழியில் திரும்பக் கொண்டுவர முடியும். அம்மாவுக்காக நான் செய்தவற்றைச் சொல்கிறேன்.

வரிசையைத் திரும்பக் கொண்டுவரும் பூட்டுகள்

2023 நவம்பரில் மூன்று உள்ளூர் வங்கிகளும் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியை அறிமுகப்படுத்தின. டிபிஎஸ் வங்கியில் அதன் பெயர் 'டிஜிவால்ட்', ஓசிபிசியில் 'மணி லாக்', யுஓபியில் 'லாக்அவே'. பூட்டிய தொகையை இணையம் வழியாக யாரும் வெளியே அனுப்ப முடியாது. கணக்கின் உரிமையாளராலேயே முடியாது. அதை விடுவிக்க நேரில் சென்று அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அம்மாவின் சேமிப்பில் பெரும்பகுதியை இப்படிப் பூட்டினோம். மாதச் செலவுக்கும், கைரோ மூலம் போகும் கட்டணங்களுக்கும் போதுமானதை மட்டும் வெளியே விட்டோம். வட்டியும் நிபந்தனைகளும் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் பூட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மத்திய சேமநிதி. 55 வயதைக் கடந்தவர்கள் மசேநிதிப் பணத்தை இணையம் வழியாக எடுக்க முடியும் என்பதால் மோசடிக்காரர்களுக்கு அதன்மீதும் கண். 2023 முதல், இணையத்தில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு இருக்கிறது. நாம் மாற்றாதவரை அது 2,000 வெள்ளி. மசேநிதிக் கழகத்தின் இணையத்தளத்தில் பூட்டு வசதியைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரம்பு உடனே பூஜ்யமாகிவிடும். மீண்டும் உயர்த்த முக அடையாளச் சரிபார்ப்பும் 12 மணி நேரக் காத்திருப்பும் தேவை. அந்த 12 மணி நேரத்தில் ஒரு தூக்கம் தூங்கி எழலாம். மகளிடமோ அண்டை வீட்டாரிடமோ ஒரு வார்த்தை சொல்லலாம். மோசடிக்காரர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

மூன்றாவது, அன்றாடப் பயன்பாட்டுக்கான சிறு திருத்தங்கள். இணையப் பணமாற்ற வரம்பைக் குறைத்தோம். அட்டையின் செலவு வரம்பைக் குறைத்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தினோம். சிறு தொகை போனாலும் தகவல் வரும்படி அமைத்தோம். வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்கும் வசதி தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் இருக்கிறது; அதையும் போட்டோம். ஈப்போவில் இருக்கும் சின்னம்மா வாட்ஸ்அப்பில்தான் அழைப்பார் என்பதால் அம்மாவுக்கு அதனால் குறை இல்லை. ஸ்கேம்ஷீல்ட் செயலியையும் பதிவிறக்கினோம். சந்தேகம் தரும் எண்ணையோ செய்தியையோ அதில் சரிபார்க்கலாம்.

இதையெல்லாம் செய்யும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். திரையைத் தொடுவது அம்மாவின் விரல். என் விரல் அல்ல.

என் விரல் அல்ல, அம்மாவின் விரல்

அது எளிதாக இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை, வங்கிச் செயலியைத் திறந்து கணக்கில் இருக்கும் தொகையைப் பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஆனது. பிடுங்கிச் செய்துவிடலாம் என்று கை துடித்தது. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதினார். "சிவப்புப் படத்தைத் தொடு. முகம் காட்டு. கீழே இரண்டாவது கோடு." எனக்குப் புரியாத அவருடைய சொந்த மொழி அது. அவருக்குப் புரிந்தால் போதும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம் என்றேன். நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவரே தண்ணீர், மின்சாரக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, அப்பாவின் பிஸ்கட் டப்பாவைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு நேரமோ பொறுமையோ இல்லாவிட்டால் வேறு வழியும் உண்டு. 2020ல் தொடங்கப்பட்ட எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் கற்றுத் தருகிறார்கள். அம்மா ஒரு முறை போய்வந்தார். என்னைவிட அந்தத் தம்பி பொறுமைசாலி என்று இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

நம்மில் பலர் அம்மா அப்பாவின் கடவுச்சொல்லையும் சிங்பாஸையும் நம் கைப்பேசியில் வைத்திருக்கிறோம். அன்பினால்தான். ஆனால் சிங்பாஸ் என்பது ஒருவருடைய கையெழுத்து போன்றது. பிள்ளையே ஆனாலும் இன்னொருவர் அதைப் போடக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள் அல்ல என்பதும் நம் உறவு வட்டாரத்தில் நாம் அறியாதது அல்ல. நல்ல பிள்ளைகளுக்கும்கூட, அண்ணன் தம்பிக்குள் நாளை ஒரு கேள்வி எழுந்தால் பதில் சொல்ல ஏட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம். 21 வயதைக் கடந்த எவரும், தெளிந்த மனநிலையில் இருக்கும்போதே, பிற்காலத்தில் சொந்தமாக முடிவெடுக்க முடியாமல் போனால் தம் சொத்தையும் நலனையும் கவனிக்க வேண்டியவர் யார் என்று எழுதிவைக்கலாம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பலாம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரோ, வழக்கறிஞரோ, மனநல மருத்துவரோ நேரில் பேசி, அவர் புரிந்துகொண்டுதான் செய்கிறார் என்று சான்றளிக்க வேண்டும். அவரால் முடிவெடுக்க முடிகிறவரை அந்த அதிகாரம் நடப்புக்கு வராது. எழுதாமல் விட்டு, நினைவு தவறிய பிறகு என்றால், குடும்பம் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அதற்குக் காலமும் செலவும் ஆகும்.

இந்தப் பேச்சை எடுக்க எனக்கு நா எழவில்லை. அம்மாவிடம் பேசும் முன் என் பத்திரத்தை நான் எழுதினேன். அதைக் காட்டியபோது, "உனக்கு எதுக்கு இப்பவே?" என்று பதறினார். பிறகு அவரே, "எனக்கும் ஒண்ணு போட்டுடு" என்றார்.

வீட்டில் இரண்டு விதிகள்

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு விதிகள். அம்மாவின் தொலைபேசிக்குப் பக்கத்தில், நாள்காட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.

முதல் விதி: அந்த ஆறு எண்களை யாருக்கும் சொல்லக் கூடாது. மகள் கேட்டாலும் கூடாது. என் குரலே கேட்டாலும் வைத்துவிட்டு, சேமித்து வைத்திருக்கும் என் எண்ணுக்குத் திரும்ப அழைக்க வேண்டும். குரலைக்கூடப் போலியாக உருவாக்க முடிகிற காலம் இது. வங்கிகள் 2022 முதல் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் சொடுக்கும் இணைப்புகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதில்லை. அரசாங்க அமைப்புகள் 2024 ஜூலை முதல் ஒரே பெயரில், 'கவ்.எஸ்ஜி' என்று, குறுஞ்செய்தி அனுப்புகின்றன. எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லமாட்டார்; வங்கி விவரம் கேட்கமாட்டார். அம்மாவுக்கு நான் இவ்வளவையும் சொல்லவில்லை. "அவசரம்னு சொன்னா, அது பொய்" என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

இரண்டாவது விதி எனக்கு. என்ன நடந்திருந்தாலும் திட்டக் கூடாது.

இது நாகரிகத்துக்காகச் சொல்லும் விதி அல்ல. மோசடி நடந்த முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். 2022ல் அமைக்கப்பட்ட காவல்துறையின் மோசடி எதிர்ப்புப் பிரிவில் வங்கி ஊழியர்களும் உடன் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கணக்கை விரைவாக முடக்க அவர்களால் முடியும். வங்கிகளின் செயலியிலும் அவசர எண்ணிலும், கணக்கை நாமே உடனே முடக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் பயன்படும். அம்மா ஒன்பது நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம் மோசடிக்காரன் அல்ல. நான் கத்துவேன் என்ற பயம்.

சந்தேகம் வந்தாலே அழைக்க 1799 என்ற எண் இருக்கிறது. 2024 செப்டம்பரில் தொடங்கிய ஸ்கேம்ஷீல்ட் உதவி எண், 24 மணி நேரமும் இயங்குகிறது. பணம் போன பிறகுதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது, இது உண்மையா?" என்று கேட்கவும் அழைக்கலாம். மகளிடம் சொல்லக் கூச்சப்படும் பெற்றோர் அங்கே கேட்கலாம்.

யார் சொல்லியும் கேட்காமல், மோசடிக்காரனையே நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக 2025 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், அவருடைய கணக்கின் பணமாற்றத்தை 30 நாள் வரை கட்டுப்படுத்தும்படி காவல்துறை வங்கிகளுக்கு உத்தரவிடலாம். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். வேறு எந்த வழியும் பலிக்காதபோது எடுக்கும் கடைசி நடவடிக்கை அது. ஒருவருடைய சொந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்த ஒரு நாடு சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு முன்பே எத்தனை வீடுகளில் பேச்சு நின்றுபோயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தீபாவளிக்கு முன்பு வாங்கிய ஒரு பொருளை மாற்ற வேண்டியிருந்தது. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. பழைய பழக்கம், கை தானாக அம்மாவை அழைத்தது.

"மா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க..."

மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு டொக்கென்று வைத்துவிட்டார்.

அரை நிமிடத்தில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"இப்ப பேசினது நீதானா?"

"நான்தான்மா."

"நீயா இருந்தாலும் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை வா, நானே போட்டுக்கறேன்."

கூட்டத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது கண்ணாடியும் பயிற்சிப் புத்தகமும் மேசையில் தயாராக இருந்தன.